துண்டு போட்டு வைத்த ஒற்றை இருக்கை

நான் பிறந்தேன் என்பதற்கு அத்தாட்சி கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள் பினாங்கில். ஆளே எதிரில் நிற்கிறேன், அது போதாதாம். குடியுரிமை வேண்டுமென்றால் பிறந்த தேதி எழுதி முத்திரை குத்திய காகிதம் வேண்டும். லால்பேட்டையில் நான் பிறந்த அன்று அதை எங்கேயாவது பதிந்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. சிதம்பரத்தில் நாலு வருஷம் படித்த பள்ளிக்கூடத்துப் பதிவேடு ஒன்றுதான் கதி. அதற்காகக் கப்பலேறி வந்தேன்.

லால்பேட்டையில் இப்போது எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. அதனால் கடலூர்ப் பழைய பட்டணத்தில் தங்கை வீட்டில் தங்கினேன். அந்தப் பக்கத்தை ஓ.டி. என்றுதான் சொல்வார்கள்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பினாங்கில் எனக்குப் பஸ் செக்கர் உத்தியோகம். பதினெட்டு வருஷமாகப் பாதி வழியில் பஸ்ஸில் ஏறி எல்லோருடைய டிக்கெட்டையும் வாங்கிப் பார்க்கிறேன். கைக்குழந்தை என்று மடியில் வைத்திருப்பார்கள். மீசை அரும்புகிற குழந்தையாக இருக்கும். டிக்கெட் காற்றில் பறந்துவிட்டது என்று அழுவார்கள், ஜன்னல் மூடியிருக்கும். இப்படியே பார்த்துப் பார்த்து, யார் எதைச் சொன்னாலும் அதன் முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது. குழம்பு ஊற்றினால்கூட நான் முதலில் அதை முறைத்துப் பார்ப்பதாக என் மனைவி சொல்வாள்.

முதல் நாள் காலை மச்சான் எச்சரித்து அனுப்பினார். "ஏழே காலு பஸ்ஸ புடிச்சிருங்க மச்சான். அத வுட்டா அப்பறம் வர்றது ஊரு ஊரா நின்னு நின்னு போவும். பத்தரைக்குத்தான் செதம்பரம் பாப்பீங்க."

பஸ் நிலையத்துக்குப் போனால், பஸ் வந்து நிற்கும் முன்பே அதன் ஜன்னல்கள் வழியாகத் துண்டுகள் பறந்துகொண்டிருந்தன. துண்டு, குடை, வெற்றிலைப் பை, ஒருவர் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டையே வீசினார். எது எந்த இருக்கையில் விழுகிறதோ அந்த இடம் அவருடையது. பிறகு அவர் மெதுவாகத் தேநீர் குடித்துவிட்டு வந்து ஏறுவார். மற்றவர்களும் அந்தத் துண்டுக்கு மரியாதை கொடுத்து விலகிப் போகிறார்கள். பினாங்கில் வரிசையில் நிற்பார்கள். முன்னால் வந்தவன் முன்னால் ஏறுவான். இங்கே ஆள் வரிசையில் நிற்பதில்லை, அவனுடைய துணி போய் உட்கார்ந்துகொள்கிறது.

நான் நாகரிகமாகப் படி வழியே ஏறினேன். அதற்குள் எல்லாம் நிறைந்துவிட்டது.

"எறங்குங்க பாய்," என்றார் கண்டக்டர். ஒடிசலான மனிதர், காதில் பென்சில். "சீட்டு அவ்ளோதான். நின்னுக்கிட்டு வந்தா ஓவர்லோடுன்னு கேஸ் எழுதிடுவாங்க."

டிரைவருக்குப் பின்னால் ஒற்றை ஆள் உட்காரும் இருக்கை ஒன்று காலியாக இருந்தது. அதன் மேல் பச்சைக் கரை போட்ட துண்டு.

"அது?"

"அதுக்கு ஆள் இருக்கு."

"எங்கே ஆள்?"

"வருவாங்க."

பஸ் கிளம்பிப் போயே விட்டது. ஆள் யாரும் வரவில்லை. அந்தத் துண்டு மட்டும் ஜம்மென்று சிதம்பரத்துக்குப் பயணம் போனது. நான் புழுதியில் நின்றேன்.

எனக்குள் இருந்த செக்கர் விழித்துக்கொண்டான். காலி இருக்கையோடு கிளம்புகிற பஸ்ஸில் ஏதோ ஒரு கள்ளத்தனம் உண்டு. எதிரே இருந்த கடையில் இட்லி தின்றபடி யோசித்தேன். முதலாளி வீட்டு ஆளுக்கா? போலீஸ்காரருக்கா? யோசித்துக்கொண்டே சாம்பாரைக் கலக்கிப் பார்த்ததில் பருப்பு இருப்பதாகத் தெரியவில்லை. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த பஸ் ஆலப்பாக்கத்தில் பஞ்சர். எல்லோரும் இறங்கி வேலியோரம் நின்றோம். பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். "நேத்தும் இங்கதான் பஞ்சரு." "அதுக்குத்தான் நான் நாளைக்கு வர்ற வேலைக்கு இன்னிக்கே பொறப்பட்டுடறது." இதில் கேலி எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடக் குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தார். நானும் போனேன். கத்திரிக்காய் கொத்சு கொடுத்தார்கள். அதில் மட்டும் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். குமாஸ்தா திரும்பி வந்து, "நாளைக்கு வாங்க, பாப்பம்," என்றார்.

இரண்டாம் நாள் இருட்டு விலகும்போதே போய் நின்றேன். வெட்கத்தை விட்டு நானும் கைக்குட்டையை வீசினேன். வேண்டுமென்றே அந்த ஒற்றை இருக்கைக்கு நேர் பின்னால் வீசினேன். இன்றும் அதே பச்சைக் கரைத் துண்டு அங்கே கிடந்தது. அதைப் போட்டவர் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கலியபெருமாள் என்று பேர், சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருக்கிறாராம். தினமும் இதே பஸ்தான்.

"ரெண்டு இடம் பிடிப்பீர்களோ?" என்றேன்.

"ஒண்ணு எனக்கு. அது ருக்குமணிக்கு. புதுச்சத்திரத்துக்கு அங்கால புளியமரத்தடியில ஏறும்."

"உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல பாய்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கீழ வீதியில ஒரு அச்சாபீஸ்ல எழுத்துக் கோக்குற வேல பாக்குது. புருஷன் கடலுக்குப் போனவரு திரும்பல. ரெண்டு புள்ளைங்க. ஒம்பது மணிக்கு அங்க கேட்ட சாத்திடுவாங்க. இந்த பஸ்ஸு ஓ.டி.யிலியே ரொம்பிடுது. ரொம்பிட்டா நடுவுல எங்கியும் நிக்காது. ரெண்டு தடவ அது கைய காட்ட காட்ட நிக்காம போயிட்டோம். ரெண்டு நாளும் லேட்டு. மூணாவது தடவ லேட்டா வந்தா வரவே வேணாம்னு ஃபோர்மேன் சொல்லிட்டாரு. அதுலேருந்து ஒரு எடத்த காலியா வச்சிக்கிறது. எடம் காலி இருந்தா நிறுத்தித்தான ஆவணும்?"

"முதலாளிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா கண்டக்டரு வீட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

"அந்த ஒரு பெண்தான் நிற்கிறாளா வழியில்? மற்றவர்களெல்லாம்?"

"நிக்கிறாங்க, நெறைய பேரு. பஸ்ஸு அவுங்க ஊரு வழியாத்தான் போவுது. ஆனா அவுங்களுக்காவப் போவல. எல்லாருக்கும் போடுறதுக்கு எங்கிட்ட அவ்ளோ துண்டு இல்லியே பாய்."

கேட்கப் பாந்தமாகத்தான் இருந்தது. அதனாலேயே நான் நம்பவில்லை. கடலில் போன புருஷன், இரண்டு பிள்ளைகள், மூன்றாவது தடவை! பதினெட்டு வருஷத்தில் நான் கேட்ட டிக்கெட் இல்லாதவர் கதைகளில் இதைவிடச் சுமாராகத் தைத்த கதைகள் நிறைய உண்டு. இவரோ தையல்காரர்.

சொன்னபடியே புளியமரத்தடியில் பஸ் நின்றது. அங்கே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கண்டக்டர் ஒரு விரலைக் காட்டினார். ஒரு பெண் மட்டும் ஏறினாள். முப்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் கறுப்பு. கலியபெருமாள் எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ள, அவள் உட்கார்ந்தாள். மற்றவர்கள் கீழேயே நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒரு கிழவர் காட்டிய கையை இறக்கவே இல்லை.

அவள் துணிப்பையைக் காலடியில் வைத்தபோது உள்ளே கண்ணாடி பாட்டில் உரசுகிற சத்தம் கேட்டது. எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அது மதுவிலக்குக் காலம். பாண்டிச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு பெண், ஒரு பை, தினம் ஒரே இருக்கை, கண்டக்டரும் கூட்டு! நான் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து முகர்ந்து பார்த்தேன். நீராகார வாசனையும் வெங்காய வாசனையும் வந்தன. மறைப்பதற்காக வெங்காயம் வைத்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்று கூசவில்லை.

குமாஸ்தா அன்று பதிவேட்டைக் கண்டுபிடித்துவிட்டார். ஓரத்தைக் கரையான் அரித்திருந்தது, நல்லவேளையாக என் பிறந்த தேதியை விட்டுவைத்திருந்தது. "எட்மாஸ்டர் கையெழுத்து ஆவணும். நாளைக்குப் பத்து மணிக்குள்ள வந்துடுங்க. அப்பறம் தேர் வருது, நாலு நாளைக்கு தொறக்க மாட்டோம்." நான் திரும்ப வேண்டிய கப்பல் அதற்குள் போய்விடும்.

இரவுச் சாப்பாட்டில் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வஞ்சிர மீன் வறுவலை என் தட்டில் வைத்தபடி அவர் கேட்டார், "ஒரு எடத்துல ஒரு பொம்பள ஒக்காந்தா ஒங்களுக்கு என்னா மச்சான்?"

"நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? முன்னால் வந்தவனுக்கு இடம். காசு கொடுத்து நிற்கிறவனை இறக்கிவிட்டுத் துணிக்கு இடம் கொடுப்பது என்ன நியாயம்?"

"அவுங்களும் முன்னாடியே வந்துதான நிக்கிறாங்க. நிக்கிற எடம்தான வேற," என்றாள் தங்கை. நான் மீனில் முள் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள். தேருக்குப் போகிற கூட்டம் பஸ் நிலையத்தில் நெரிந்தது. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், மூட்டையும் குழந்தைகளுமாக. நான் வீசிய கைக்குட்டை ஜன்னல் கம்பியில் பட்டுக் கீழே விழுந்து யார் காலிலோ மிதிபட்டது. முண்டியடித்து ஏறிவிட்டேன். இடமில்லை. அந்த ஒற்றை இருக்கையில் மட்டும் பச்சைக் கரைத் துண்டு.

கலியபெருமாளைத் தேடினேன். அவர் பஸ்ஸுக்குள் இல்லை. வெளியே, கூட்டத்தில், ஜன்னலுக்கு அருகே நின்றிருந்தார். அன்று அவருக்கு ஒரு தடவைதான் வீச முடிந்திருக்கிறது. அதை அவளுக்காக வீசிவிட்டு, தான் அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்றார். இது எனக்கு அந்தக் கணத்திலேயே தெரிந்தது. தெரிந்தும் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? இவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கிறான் என்றால் சரக்குப் பெரியது என்றது.

துண்டை எடுத்தேன். உட்கார்ந்தேன்.

"பாய், அது என் துண்டு!" வெளியிலிருந்து கலியபெருமாள் கத்தினார்.

"இந்தாருங்கள் உங்கள் துண்டு," என்று ஜன்னல் வழியே அவர் கையிலேயே கொடுத்தேன்.

கண்டக்டர் ஓடி வந்தார். "பாய், ஒங்க கால்ல வேண்ணா வுழறேன். எந்திரிங்க."

"துணிக்கு டிக்கெட் கிழித்திருக்கிறாயா? காட்டு. நானும் இந்த உத்தியோகத்தில்தான் இருக்கிறேன். உன் முதலாளிக்கு ஒரு கடிதம் போட்டால் போதும்."

அவர் என் டிக்கெட்டைக் கிழித்து, சில்லறையை எண்ணாமலே என் கையில் திணித்தார். கள்ளன் அகப்பட்டுக்கொண்டான் என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

ஆலப்பாக்கம் தாண்டியது. புதுச்சத்திரம் தாண்டியது. கண்டக்டர் என் காதருகில் குனிந்தார். "மரத்தடியில எறங்கிக்கிங்க பாய். பின்னாடியே அடுத்த பஸ்ஸு. ஒங்களுக்கு ஒரு நாள் போவும். அதுக்கு எல்லாமே போயிடும்."

"வழியில் சோதனை போடுகிறவர்களிடம் சொல்லிவிட்டு அவளை நிற்க வைத்துக் கூட்டிப் போயேன், அவ்வளவு அக்கறை இருந்தால்."

"தேருன்னு வழி நெடுக ஜீப்ப போட்டு நிக்கிறாங்க. நேத்து சாயங்காலம்தான் ஒரு ஆளு ஜாஸ்தின்னு எழுதுனாங்க. இன்னொரு கேஸுன்னா என் லைசென்சு போயிடும். எனக்கும் மூணு புள்ளைங்க பாய்."

எனக்குப் பத்து மணிக்குள் காகிதம் வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. மற்றவர்களும் எழுந்திருக்கவில்லை, அவர்கள் வெளியூர்க்காரர்கள், என்ன நடக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

கண்டக்டர் விசில் ஊதவில்லை. டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை. அவள் கூட்டத்துக்கு முன்னால் வந்து, கையைக்கூடக் காட்டாமல், நிச்சயமாக நிற்கும் என்கிற தைரியத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவள் கண் நேரே அந்த ஜன்னலுக்குத்தான் வந்தது. அங்கே என் முகம் இருந்தது. பிறகுதான் கையைத் தூக்கினாள். பின்னால் திரும்பிப் பார்த்தேன். சாலையின் நடுவில் கொஞ்ச தூரம் ஓடி வந்து நின்றுவிட்டாள்.

எட்டே முக்காலுக்குச் சிதம்பரம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறக்க நேரமிருந்தது. அந்த முகம் உறுத்திக்கொண்டிருந்தது. ஆனால் நான் பரிதாபப்பட்டுக் கீழ வீதிக்குப் போனேன் என்று எழுதினால் அது பொய். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றுதான் போனேன். அப்படி ஒரு அச்சாபீஸே இருக்காது. இருந்தாலும் அங்கே அந்தப் பேரில் யாரும் இருக்க மாட்டார்கள். பார்த்துவிட்டால் என் மனசு அடங்கும்.

அச்சாபீஸ் இருந்தது. ஒன்பது அடித்ததும் ஒருவர் வந்து இரும்புக் கதவைச் சாத்தினார். கம்பி வழியே உள்ளே பார்த்தேன். சாய்வுப் பெட்டிகளில் ஈய எழுத்துகள். வரிசையாக நாலு முக்காலிகள், மூன்றில் ஆட்கள், ஒன்று காலி. கதவைச் சாத்தியவர் காலி முக்காலியைப் பார்த்தார். சுவரில் தொங்கிய கரும்பலகையில் ருக்குமணி என்று எழுதியிருந்ததை உள்ளங்கையாலேயே அழித்தார்.

கலியபெருமாள் சொன்னது அத்தனையும் நிஜம்.

"ஐயா!" என்று கூப்பிட்டேன். அவர்தான் ஃபோர்மேன். கதவருகே வந்தார். "அந்த அம்மா மேல் தப்பில்லை. நேரத்துக்கு வந்து நின்றார்கள். பஸ்ஸில் அவர்களுக்கு வைத்திருந்த இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். அதனால் பஸ் நிற்கவில்லை. தப்பு என்னுடையது."

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, கைக்கடிகாரம், சீமைச் செருப்பு.

"நீங்க யாரு?"

"பினாங்கிலிருந்து வந்திருக்கிறேன்."

"பினாங்கு." அந்த வார்த்தையை அவர் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல இருந்தது. "அந்தப் பொண்ண ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. நேற்றுத்தான் பார்த்தேன்."

"நேத்துதான் பாத்தீங்க. அதுக்கு பஸ்ஸுல எடம் வச்சிருந்தது தெரியும். எந்த அச்சாபீஸுன்னு தெரியும். வேல போவப் போவுதுன்னும் தெரியும். அதுக்காவக் காலங்காத்தால இங்க வந்து நிக்கிறீங்க." உள்ளே எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த மூன்று பேரும் கையை நிறுத்திவிட்டார்கள். "பஸ்ஸுல ஒரு பொம்பளைக்கு யாருங்க சும்மா எடம் புடிச்சி வைப்பாங்க? நான் ஒலகம் தெரியாதவனா?"

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனாலும் அவர் கண்ணில் ஒரு மினுக்கம் வந்தது. அதை நான் அறிவேன். டிக்கெட் இல்லாதவனைப் பிடித்தபோதெல்லாம் எனக்குள் வந்த அதே சந்தோஷம். குரானின் மேல் ஆணையாகச் சொல்கிறேன் என்றேன். அதைக் கேட்டு அவர் சிரித்தார். நானும் அப்படிப்பட்ட ஆணைகளைக் கேட்டுச் சிரித்தவன்தான்.

நான் நகரவில்லை. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல அவருக்கு நிச்சயமாகிக்கொண்டே போனது. வீதியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். குமாஸ்தா சொன்ன பத்து மணியும் வந்தது, போனது.

பத்தே முக்காலுக்கு ருக்குமணி வந்தாள். முழங்கால்வரை புழுதி, புடவையெல்லாம் வியர்வை. பஸ் நிலையத்திலிருந்து ஓடியே வந்திருக்க வேண்டும். கதவருகே என்னைப் பார்த்ததும் நின்றாள். ஃபோர்மேன் கதவைத் திறக்காமலே பேசினார்.

"பாய் ஒனக்காக ரொம்ப நேரமா மன்றாடுறாரும்மா. பினாங்குலேருந்து வந்தவராமே. பரவால்ல, ஒனக்கும் ஆள் இருக்கு."

அவள் உள்ளே இருந்த மூன்று பேரையும் பார்த்தாள். அவர்கள் குனிந்துகொண்டார்கள்.

"அம்மா, நான் உண்மையைச் சொல்லத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"லேட்டா வந்ததுக்கு வேல போச்சின்னா, வேற அச்சாபீஸுல போய்க் கேட்டிருப்பன். இந்த வீதியில இன்னும் ரெண்டு இருக்கு. இப்ப எங்க போய்க் கேக்குறது?"

பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள். தெரு நடுவில் நடக்காமல் சுவரோரமாக நடந்தாள். கூப்பிட வேண்டும் போலிருந்தது. பின்னாலேயே போய் அவள் ஊர்வரை கொண்டு விட்டு, அங்கே யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. நானும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும். அவள் ஏறப்போகிற பஸ்தான் எனக்கும்.

ஃபோர்மேன் கம்பிக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர்ப் பக்கமாகத் திரும்பி நடந்தேன்.